ஆப்பிளில் எழுதாத பெயர்

நைல் நதிப் பாலத்தைத் தாண்டி அக்மீமுக்குள் நுழைந்ததும் மைக்ரோபஸ் வெங்காயக் கடைக்கு முன்னால் நிற்கும். அங்கிருந்து பள்ளிக்கூடத்துக்கு ஒரு சந்து. வெள்ளி, சனி விடுமுறை முடிந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தச் சந்தில் ஐந்து பெண்கள் இறங்கி நடப்பார்கள். நான்கு பேர் கைகோத்துக்கொண்டு முன்னால் போவார்கள். சந்தின் அகலம் நான்கு பேருக்குத்தான் சரியாக இருக்கும். ஐந்தாவதாகப் பின்னால் வருகிறவள் சாப்ரீன்.

யாரும் அவளை ஒதுக்கவில்லை. அந்த நான்கு பேரும் சோஹாக் நகரத்துப் பெண்கள், ஒரே தெருவில் ஓடி விளையாடியவர்கள். காலையில் தாமியா என்கிற பருப்பு வடை வைத்த ரொட்டி வாங்கினால் அவளுக்கும் சேர்த்துத்தான் வாங்குவார்கள். ஆனால் பேச்சு எப்போதும் பாதியில் ஆரம்பிக்கும். முந்தின நாள் சாயங்காலம் யாரோ ஒருத்தியின் வீட்டில் நடந்ததன் மிச்சமாக அது இருக்கும். சாப்ரீன் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, அவர்கள் சிரிக்கும்போது தானும் சிரிப்பாள், கொஞ்சம் பிந்தி.

அவள் ஊர் தெற்கே, ரயிலில் போனால் இறங்கி மறுபடி டுக்டுக் ஆட்டோ பிடிக்க வேண்டிய கிராமம். கல்லூரி விடுதியில் தங்கி, மழலையர் வகுப்பு ஆசிரியைக்குப் படிக்கிறாள். மூன்றாம் வருஷத்தில்தான் நிஜமான பிள்ளைகளுக்கு முன்னால் நிறுத்துகிறார்கள். அவளைப் படிக்க அனுப்பியபோது சித்தப்பா ஒரே ஒரு பேச்சுதான் பேசினார்.

"ஒரு பாடத்துல போச்சுன்னாலும் பெட்டியக் கட்டிக்கிட்டு வந்துரணும். உன் சித்திக்கு மாவு பிசையக் கை வலிக்குது."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சந்தையில் விலை முடிகிற மாதிரி சொன்னார். அதனால்தான் அதை மறக்க முடியவில்லை.

முதல் ஞாயிறன்று ஐந்து பேரும் வகுப்பின் பின்சுவரை ஒட்டி, கொடியில் காயப்போட்ட துணி மாதிரி வரிசையாக நின்றார்கள். பெஞ்சுக்கு நான்கு பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். வகுப்பு ஆசிரியை ராவியா மிஸ் பருத்த உடம்புக்காரி. ரூலரால் மேஜையில் ஒரு தட்டு தட்டினால் போதும், வகுப்பு மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

"இவங்க எல்லாம் புது மிஸ்ஸுங்க. படிக்க வந்திருக்காங்க."

"மிஸ் எதுக்குப் படிக்கணும்?" என்றது முதல் பெஞ்சு.

"உன்ன மாதிரி வாயாடிய எப்படி அடக்குறதுன்னு படிக்க."

வகுப்பு சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவே ஒரு பையன் எழுந்து நேராகச் சுவரோரமாக வந்தான். ஐந்து பேரையும் மேலும் கீழும் பார்த்தான். மாடு வாங்க வந்தவன் பார்வை. கடைசியில் சாப்ரீனின் அங்கியைப் பிடித்து இழுத்து, அவிழ்ந்திருந்த தன் ஷூ கயிற்றைக் காட்டினான். அவள் குனிந்து கட்டிவிட்டாள்.

"இவங்க என் மிஸ்," என்று வகுப்பைப் பார்த்து அறிவித்துவிட்டுப் போய் உட்கார்ந்தான்.

அவன் பெயர் தாஹி. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் ஷூ கயிறு அவிழ்ந்தே இருந்தது. வரும் வழியில் அவனே அவிழ்த்துவிடுகிறான் என்பது இரண்டாவது வாரமே தெரிந்துவிட்டது. சாப்ரீன் ஒவ்வொரு முறையும் குனிந்து கட்டிவிட்டாள். தீனி வேளையில் தன் ரொட்டியின் பாலாடைக்கட்டி இருக்கிற பாதியை அவளுக்குக் கொடுப்பான், வெறும் பாதியை அவன் தின்பான். "எனக்குப் பிடிக்காது மிஸ்," என்று பொய் சொல்வான். வாரத்தில் ஒரு நாள் தன்னை ஒருவன் தேடுகிறான் என்ற நினைப்போடு மற்ற நாட்களைத் தள்ள முடிகிறது என்பது அவளுக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

பிறகு ஒவ்வொருத்தியும் தனியாகப் பாடம் நடத்த வேண்டிய முறை வந்தது. கல்லூரியிலிருந்து பேராசிரியை டாக்டர் அமானி வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து மதிப்பெண் போடுவார். வாயில் புதினா மிட்டாயை ஒதுக்கிக்கொண்டு, மடியில் ஃபைலை வைத்துக்கொண்டு, முகத்தில் எதையும் காட்டாமல் பார்ப்பார். சாப்ரீனுக்கு வந்த பாடம் 'என் குடும்பம்'.

மற்றவர்கள் ஸ்டேஷனரி கடையில் ஆர்டர் கொடுத்து, ஃபோம் ஷீட்டில் வெட்டி ஒட்டிய வீடும் வாசலும் பூவும் வாங்கிவிட்டார்கள். சாப்ரீன் தானே செய்தாள். அட்டையில் ஆளுயரத்துக்கு ஒரு மரம். பச்சை ஃபோமில் இலைகள், சிவப்பு ஃபோமில் பிள்ளைக்கு ஒன்றாக ஆப்பிள்கள். க்ளூ கன் சுட்டதில் இரண்டு விரல் கொப்பளித்துவிட்டது. ஒவ்வொரு பிள்ளையும் முன்னால் வந்து தன் அம்மாவின் பெயரைச் சொல்ல வேண்டும். அவள் அதை ஆப்பிளில் எழுதிக் கொடுப்பாள். பிள்ளை அதை மரத்தில் மாட்ட வேண்டும். பாடம் முடியும்போது மரம் நிறைய அம்மாக்கள் பழுத்துத் தொங்குவார்கள்.

மைக்ரோபஸ்ஸில் மரத்தை மடியில் நிறுத்திக்கொண்டு வந்தபோது அந்த நான்கு பேரில் ஒருத்தியான ஹனாதி தொட்டுப் பார்த்தாள்.

"அழகா இருக்குடீ. நீயேவா செஞ்ச? பைத்தியம்! ஆப்பிள் எதுக்கு?"

சாப்ரீன் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் ஹனாதியின் போன் அடித்தது.

பாடம் நன்றாகத்தான் தொடங்கியது. முதலில் பெண்பிள்ளைகளைக் கூப்பிட்டாள். மரீனா ஓடிவந்து, "தெரேஸா!" என்று மணியடித்த மாதிரி சொன்னாள். சாப்ரீன் பெரிய எழுத்தில் எழுதினாள். மரீனா எம்பி மாட்டினாள். அடுத்து ஜன்னா வந்தாள்.

"எங்கம்மா பேரு ஸமாஹ் மிஸ். ஆனா அப்பா 'ஏய், இவளே'ன்னுதான் கூப்பிடுவாரு. அதையும் எழுதணுமா?"

டாக்டர் அமானியின் உதடுகூட லேசாக அசைந்தது. சாப்ரீனுக்கு உள்ளே ஏதோ இளகியது. தெரேஸா, ஸமாஹ், ஹனான், நிஅமா. ஒவ்வொரு பெயரும் காதில் விழ விழ இன்னொன்று வேண்டும்போல இருந்தது. பையன்களில் யாரை முதலில் கூப்பிடுவது என்று யோசிக்கவே இல்லை.

"தாஹி, வா."

மார்பை நிமிர்த்திக்கொண்டு வந்தான். தன் மிஸ் தன்னைத்தான் முதலில் கூப்பிடுவாள் என்று அவனுக்குத் தெரியும்.

"உன் அம்மா பேரு என்ன?"

"தாஹி அம்மா."

"அது ஊர்ல எல்லாரும் கூப்பிடுறது. அவங்க பேரு?"

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். பிறகு ஷூவைப் பார்த்தான். காது மடல் சிவந்தது. பின்னால் ராவியா மிஸ் இருமினார். பனிக்காலத்து இருமல் என்று சாப்ரீன் நினைத்தாள். மறுபடியும் இருமினார்.

"தெரியலையா? அம்மா பேரு தெரியாத பிள்ளை இருக்குமா? சொல்லு கண்ணு."

"எனக்குத் தெரியும் மிஸ்!" மூன்றாவது பெஞ்சிலிருந்து கீரில்லோஸ் துள்ளி எழுந்தான். தாஹியின் வீட்டுக்கு மேல்மாடிக்காரன். "ஷௌகியா! எங்கம்மா மேலேருந்து கத்தும், 'ஏ ஷௌகியா, கூடைய இறக்குறேன், அதுல வெங்காயம் போடு'ன்னு!"

வகுப்பு முழுக்கக் கீரில்லோஸ் பக்கம் திரும்பியது. பிறகு பையன்கள் பெஞ்சைத் தட்ட ஆரம்பித்தார்கள். "ஷௌகியா! ஷௌகியா!" பெண்பிள்ளைகளின் அம்மாக்களுக்கு நடக்காத ஒன்று தாஹியின் அம்மாவுக்கு நடந்துகொண்டிருந்தது. கை பழக்கத்தில் சாப்ரீன் ஆப்பிளில் பாதிப் பெயரை எழுதிவிட்டிருந்தாள். தாஹி அதைப் பார்த்தான். அதுதான் அவனால் தாங்க முடியவில்லை. ஆப்பிளைப் பிடுங்கிக் கிழித்தான். மரத்தை ஒரு தள்ளு தள்ளினான். அது தெரேஸாவோடும் ஸமாஹோடும் முதல் பெஞ்சின் மேல் விழுந்தது. அப்படியே மூன்றாவது பெஞ்சுக்குப் பாய்ந்து கீரில்லோஸின் கையைக் கடித்துவிட்டு வெளியே ஓடினான். வாசலில் ஆயா அவனை அள்ளிப் பிடித்தபோது, கிழிந்த ஃபோம் துண்டு அவன் வாய்க்குள் இருந்ததாம். யாரும் படிக்கக் கூடாதென்று மென்றுகொண்டிருந்தானாம்.

பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பிவிட்டு ராவியா மிஸ் அவளைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க ஊர்ல பசங்களே கெடையாதாம்மா? எங்கேருந்து வந்த நீ, லண்டனா?"

"பால் பல்லுகூட விழலையே மிஸ். சின்னப் பிள்ளைங்கதானேன்னு..."

"சின்னப் பிள்ளைங்க! பேச்சு வர்றதுக்கு முந்தி இது வந்துரும். அம்மா பேரு வெளிய போச்சுன்னா தெருவுல அவன் தலை நிமிர முடியுமா? நான் இருமி இருமித் தொண்டை புண்ணாப் போச்சு."

"எங்க வீட்ல எல்லாம் பொண்ணுங்கதான் மிஸ். சித்தப்பாவுக்குப் பையன் கெடையாது."

அது உண்மைதான். ஆனால் முழு உண்மை இல்லை. பெரிய ஆண்கள் அம்மா, மனைவி, தங்கை பெயரைப் பொதுவில் சொல்ல மாட்டார்கள் என்று தெரியாமல் எகிப்தின் தெற்கில் யாரும் வளர்வதில்லை. சாப்ரீனுக்கும் தெரியும். பிள்ளைகள் விஷயத்தில் அது நினைவுக்கு வரவில்லை என்பதைவிட, நினைவுக்கு வர அவள் விடவில்லை என்று சொல்லலாம். அம்மாக்களின் பெயரை உரக்கச் சொல்கிற ஒரு காலை நேரம் அவளுக்கு வேண்டியிருந்தது.

டாக்டர் அமானி ஃபைலை மூடிவிட்டு எழுந்து வந்தார். விழுந்த மரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கைவேலை நல்லா வருது உனக்கு," என்றார். "மதிப்பெண் இன்னும் போடலை. அடுத்த ஞாயிறு இன்னொரு பாடம் நடத்து. உனக்குப் பிடிச்சத எடுத்துக்க. வகுப்பு மொத்தமும் அதுல இருக்கணும். அந்தப் பையனும்தான். அவன் வெளிய, நீ உள்ளன்னு இருந்தா நான் எழுதுறதுக்கு ஒண்ணும் இல்லை."

திரும்பும்போது மைக்ரோபஸ்ஸில் சாப்ரீன் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பாலத்தில் ஏறியதும் ஹனாதி அடக்க முடியாமல், "பையன் ஆப்பிளத் தின்னுட்டானாமே?" என்றாள். நான்கு பேரும் வெடித்துச் சிரித்தார்கள். ஒருத்தி சிரித்துக்கொண்டே சாப்ரீனின் முழங்காலைத் தட்டிக்கொடுத்தாள். சாப்ரீன் நைல் நதியைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

வெள்ளிக்கிழமை விடுதி காலியாகிவிடும். வியாழன் மதியமே பெட்டி பெட்டியாக இறங்கிப் போய்விடுவார்கள். சமையலறையில் யாரோ விட்டுப்போன பாதி எலுமிச்சம்பழம் காய்ந்து கிடக்கும். சாப்ரீன் மாதத்துக்கு ஒருமுறைதான் ஊருக்குப் போவாள். போனாலும் பெரிய வித்தியாசம் இல்லை. அங்கே அவள் பிசைகிற மாவு அதிகம், அவ்வளவுதான்.

தொழுகை முடிந்த பிறகு சித்தப்பா வீட்டுக்குப் போன் செய்தாள். சித்திதான் எடுத்தாள்.

"பரீட்சை எல்லாம் எப்படிப் போகுது?"

"நடக்குது சித்தி."

"நடக்குதா, ஓடுதா? உன் சித்தப்பா கேக்கச் சொன்னாரு. மாப்பிள்ளை வீடு ஒண்ணு விசாரிச்சுட்டுப் போயிருக்கு. நீ பாஸானா அடுத்த வருஷம் பாக்கலாம், இல்லேன்னா இந்த வருஷமேன்னு சொல்றாரு."

போனை வைத்துவிட்டு மொட்டைமாடிக்குப் போனாள். துணிக்கொடிகள் வெறுமனே காற்றில் ஆடிக்கொண்டிருந்தன.

அவள் அப்பா லிபியாவுக்கு வேலைக்குப் போய், அங்கேயே ஒரு கட்டிடத்திலிருந்து விழுந்து இறந்துபோனார். கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கிற இத்தா காலம் முடிந்ததும் அம்மாவின் அண்ணன்கள் சூயஸிலிருந்து வந்து அம்மாவை மட்டும் கூட்டிக்கொண்டு போனார்கள். பிள்ளை அப்பா வீட்டுச் சொத்து. சாப்ரீன் தாஹி வயதில் இருந்தாள். சூயஸில் அம்மாவுக்கு மறுபடி கல்யாணம் ஆனதாக ஒரு பேச்சு வந்தது. பிறகு பேச்சே வரவில்லை. சித்தப்பா வீட்டில் அவளைக் குறிப்பிட வேண்டியிருந்தால் 'போனவ' என்பார்கள். அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு மனுஷியைக் கண்டுபிடிக்க முடியாது.

பெயர் அவளுக்குத் தெரியும். பக்கத்து மாடிப் பெண் சாயங்காலத்தில் சுவருக்கு மேலே தலையை நீட்டிக் கூப்பிடுவாள், "ஏ இன்சாஃப், அடுப்பு எரியுதா?" என்று. ஆண்கள் இல்லாத நேரத்து மாடிப் பேச்சு அது. அப்பாகூட அந்தப் பெயரைச் சொல்லி அவள் கேட்டதில்லை. அந்தப் பெண்ணின் குரல் நின்ற பிறகு அந்தப் பெயரை உலகத்தில் யாரும் சொல்லி சாப்ரீன் கேட்கவில்லை. அவளும் சொன்னதில்லை. யாரிடம் சொல்வது?

போனில் தேடிப் பார்த்திருக்கிறாள். இன்சாஃப், சூயஸ். வருவதெல்லாம் முகத்துக்குப் பதில் ரோஜாப்பூப் படமும் காபிக் கோப்பைப் படமும்தான். அம்மாவின் வயதுப் பெண்கள் யாரும் சொந்தப் பெயரில் இருப்பதில்லை. ஆதம் அம்மா, மாலிக் அம்மா, செய்ஃப் அம்மா. ஒரு காலத்தில் அவள் சாப்ரீன் அம்மா. இப்போது யாருடைய அம்மா? அங்கே பிறந்த பையனின் பெயர் தெரிந்தால்தான் அவளைத் தேட முடியும். அந்தப் பெயர் சாப்ரீனுக்குத் தெரியாது. தனக்கு ஒரு தம்பி இருக்கலாம் என்பதை அவள் இப்படித்தான் கண்டுபிடித்தாள், தேடிக் கிடைக்காததிலிருந்து.

அன்று சாயங்காலம் வரை உட்கார்ந்து காகிதத்தில் மீன்கள் வெட்டினாள். மீனின் மூக்கில் க்ளிப், தூண்டில் நுனியில் காந்தம். எண் சொல்லிப் பிடிக்கிற விளையாட்டு. யாருடைய அம்மாவும் அதற்குள் வர முடியாது.

ஞாயிறு காலை பள்ளி வாசலில் கூட்டம் கலைந்த பிறகும் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். தலையில் பாலாடைக்கட்டித் தூக்கு, ஒரு கையில் தாஹி. அவன் இரண்டு கால்களையும் தரையில் ஊன்றிக்கொண்டு பின்னால் சாய்ந்திருந்தான். ஷூ கயிறு இறுகக் கட்டியிருந்தது.

"நீதானா அந்த ஆப்பிள் மிஸ்ஸு?"

"நான்தான் அக்கா. மன்னிச்சுக்குங்க. நான் தெரியாம..."

"தெரியாமன்னா? நீ என்ன ஜப்பான்காரியா?" தூக்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "தெருவுல ஒரு வாண்டு பாக்கியில்ல. 'ஏ ஷௌகியா மவனே, பந்தத் தூக்கிப் போடு.' 'ஏ ஷௌகியா மவனே, உன் டவுசர் கிழிஞ்சிருக்கு.' இவன் ஒரு வாரமா வாசலத் தாண்டல. இவங்கப்பன் 'வீட்ல கெடக்கட்டும், படிச்சுக் கிழிச்சது போதும்'னுட்டாரு. நான் சந்தைக்குப் போகணும், இவனக் கட்டியா போடுறது?"

"நான் பாத்துக்கிறேன்."

"என் பேரு ஒண்ணும் கெட்ட பேரு இல்ல. எங்கப்பா ஆசையா வச்சது. ஆனா அது என் பேரு. தெரு பந்து வெளையாடுறதுக்கு இல்ல." சொல்லிவிட்டுத் திடீரென்று தலையைச் சாய்த்தாள். "அது சரி. உங்கம்மா பேரு என்ன?"

சாப்ரீன் வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. பல வருஷமாகத் திறக்காத அலமாரிக் கதவு மாதிரி அந்தப் பெயர் சிக்கிக்கொண்டது.

"பாத்தியா?" என்றாள் ஷௌகியா, இப்போது கொஞ்சம் மெதுவாக. "உனக்கே வரல. அவன் குட்டிப் பய, அவனப் போய்..." தாஹியின் கையைச் சாப்ரீனின் கைக்குள் வைத்து அமுக்கிவிட்டு, தூக்கு ஆடாமல் சந்தில் நடந்து போனாள். சந்தின் அகலம் முழுவதும் அவளுடையதாக இருந்தது.

உள்ளே நுழைந்ததும் தாஹி கையை உருவிக்கொண்டு மிஸ்ஸின் மேஜைக்கு அடியில் புகுந்துவிட்டான்.

டாக்டர் அமானி கடைசி பெஞ்சில் உட்கார்ந்து மிட்டாய்த் தாளைப் பிரித்தார். ஹனாதியும் மற்றவர்களும் சுவரோரம் நின்றார்கள். சாப்ரீன் நீலத் துணியை வகுப்பின் நடுவில் விரித்து மீன்களைக் கொட்டினாள். பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்தார்கள். தூண்டில் கைமாறிக் கைமாறிப் போனது. கூச்சல், சிரிப்பு, எண்கள். நன்றாகத்தான் போனது. ஆனால் மேஜைக்கு அடியில் இரண்டு ஷூ நுனிகள் தெரிந்தன. டாக்டர் அமானி மீனைப் பார்க்கவில்லை, அந்த ஷூவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தாஹி, உன் முறை," என்றாள் சாப்ரீன்.

"ஷௌகியா மவனே, உன் முறை!" என்றது ஒரு குரல். இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். ஷூ நுனிகள் உள்ளே இழுத்துக்கொண்டன.

ராவியா மிஸ் ரூலரைத் தூக்கினார். தட்டினால் வகுப்பு அடங்கிவிடும். அடங்கின பிறகும் அவன் மேஜைக்கு அடியில்தான் இருப்பான். சாப்ரீன் தூண்டிலைக் கீழே வைத்தாள். அங்கியைச் சுருட்டிக்கொண்டு முழங்காலிட்டு, மேஜைக்கு அடியில் தானும் நுழைந்தாள். தலை பலகையில் இடித்தது. உள்ளே பழைய சாக்பீஸ் தூள் வாசம். தாஹி முழங்காலில் முகத்தைப் புதைத்திருந்தான்.

"உன்கூடப் பேச மாட்டேன்," என்றான்.

"சரி."

"நீ என் மிஸ் இல்ல."

"சரி."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் வெளியே ஓடுகிற கால்களைப் பார்த்தார்கள்.

"நீ எங்கம்மா பேர எழுதிட்ட," என்றான். "அவனாவது சொல்லத்தான் சொன்னான். நீ எழுதின."

சரியாகத்தான் கணக்குப் போட்டு வைத்திருந்தான்.

"உங்கம்மா பேர நீ சொல்லு," என்றான் தாஹி முகத்தை நிமிர்த்தி. "என்னோடது உனக்குத் தெரியும். உன்னோடது எனக்குத் தெரியாது. அது நியாயமா?"

"இல்ல. நியாயம் இல்ல."

"சொல்லு அப்போ."

சாப்ரீன் அவன் காதருகே குனிந்தாள். பக்கத்து மாடிப் பெண் சுவருக்கு மேலே கூப்பிட்ட அந்தப் பெயர் உதட்டில் வந்து நின்றது. மூச்சை விடுகிற மாதிரிதான் சொன்னாள்.

தாஹி அவளைப் பார்த்தான். கையில் கத்தியைக் கொடுத்துவிட்டவளைப் பார்க்கிற பார்வை. எவ்வளவு பெரியது கிடைத்திருக்கிறது என்று அவனுக்கு விளங்க ஒரு நொடி ஆனது. அடுத்த நொடி மேஜைக்கு வெளியே இருந்தான்.

"டேய்! மிஸ்ஸோட அம்மா பேரு இன்சாஃப்!"

வகுப்பு வெடித்தது. பெரியவர் ஒருவரின் அம்மா பெயர், அதிலும் மிஸ்ஸின் அம்மா பெயர்! ஷௌகியாவை எல்லோரும் அங்கேயே மறந்துவிட்டார்கள். கீரில்லோஸ் பெஞ்சில் ஏறிக்கொண்டான். "இன்சாஃப்! இன்சாஃப்!" பையன்கள் பெஞ்சைத் தட்டினார்கள், பெண்பிள்ளைகள் கைதட்டினார்கள். தாஹிதான் எல்லோருக்கும் தலைமை. அவன் முகம் கொள்ளாத சிரிப்பு.

சாப்ரீன் மேஜைக்கு அடியிலிருந்து ஊர்ந்து வந்து, எழுந்து நின்றாள். முழங்காலில் சாக்பீஸ் தூள். நிறுத்தச் சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. எல்லாப் பக்கத்திலிருந்தும் அந்தப் பெயர் வந்தது, கீச்சுக் குரலில், கட்டைக் குரலில், மழலை வாயில் காற்றோடு சேர்ந்து. ஊரெல்லாம் யாரோ அம்மாவைத் தேடுகிற மாதிரி இருந்தது. சாப்ரீன் கையை உயர்த்தவில்லை. சுவரோரம் ஹனாதி சிரிப்பை நிறுத்திவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெயர் ஒரு சுற்று, இரண்டு சுற்று போய்த் தானாகத் தளர்ந்தது.

"ஆமா," என்றாள் சாப்ரீன். குரல் சரியாகத்தான் வந்தது. "இன்சாஃப் எங்கம்மா. இன்சாஃபோட பொண்ணுக்கு இப்போ ஏழாம் நம்பர் மீன் வேணும். யாரு பிடிச்சுத் தருவா?"

"நான்!" என்று தாஹி தூண்டிலைப் பிடுங்கிக்கொண்டு வட்டத்துக்குள் உட்கார்ந்தான். ஏழுக்குப் பதில் நான்கைப் பிடித்தான். வகுப்பு அவனைத் திட்டித் திருத்தியது. யாரும் ஷௌகியா பெயரை எடுக்கவில்லை.

டாக்டர் அமானி போகும்போது வாசலில் அவளை நிறுத்தினார்.

"வகுப்பு ஒழுங்குக்கு நான் ஒண்ணும் போட முடியாது, தெரியுமில்ல? இந்தச் சத்தம் பாலம் வரைக்கும் கேட்டிருக்கும்."

"தெரியும் டாக்டர்."

"மீன் சுமார். எல்லாரும் செய்யறதுதான்." மிட்டாயை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினார். "பாஸ் போட்டிருக்கேன். வெறும் பாஸ்தான். மேஜைக்கு அடியில போனதுக்கு எந்தக் கட்டத்துல எழுதறதுன்னு எனக்குத் தெரியல."

பாலத்தில் திரும்பும்போது ஹனாதி அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஏதோ கேட்க நினைத்தாள் என்று தெரிந்தது. கடைசியில், "வெள்ளிக்கிழமை எங்க வீட்டுக்கு வரியா?" என்று மட்டும் கேட்டாள். சாப்ரீன் தலையசைத்தாள். ஹனாதி கேட்ட விதத்திலேயே அவள் மறந்துவிடுவாள் என்று தெரிந்தது. மறந்தும் போனாள்.

அந்த வெள்ளிக்கிழமையும் விடுதி காலியாக இருந்தது. சித்தியிடம், "பாஸ்," என்றாள். "அல்ஹம்துலில்லாஹ், அப்போ அடுத்த வருஷம் பாக்கலாம்," என்றாள் சித்தி. மொட்டைமாடிக்குப் போய் நின்று, யாரும் இல்லாத கொடிகளுக்கு நடுவே அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்துக் கட்டிடத்தில் புறாக்கள் பறந்து மறுபடி உட்கார்ந்தன.

ஞாயிறன்று வெங்காயக் கடைக்கு முன்னால் மைக்ரோபஸ் நின்றது. நான்கு பேரும் கைகோத்துக்கொண்டு முன்னால் போனார்கள். காலையிலேயே யார் வீட்டுக் கல்யாணமோ பேச்சில் பாதியில் ஓடிக்கொண்டிருந்தது. சாப்ரீன் பின்னால் நடந்தாள். சந்து முடிந்து பள்ளியின் இரும்புக் கம்பி வேலி தெரிந்தது. கம்பிகளுக்கு நடுவே வரிசையாகச் சின்ன முகங்கள்.

"ஏ, இன்சாஃப் மவளே!"

கேலிதான். தெருவில் கற்ற அதே ராகம், அதே இழுப்பு. முன்னால் போன நான்கு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆயா உள்ளேயிருந்து, "அடி வாங்கப் போறீங்கடா!" என்று கத்தினாள்.

"இன்சாஃப் மவளே! என் கயிறு அவுந்துபோச்சு!" தாஹி வேலிக் கம்பிக்கு அடியில் ஒரு காலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தான்.

சாப்ரீன் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, நான்கு பேரையும் தாண்டிக்கொண்டு, அந்தப் பெயருக்கு நடந்தாள்.